ஷைலக்கின் மகள்

மாதக் கடைசி. கையில் காசு இல்லை. மனைவியின் வளையலை வாங்கிக்கொண்டு ஸ்ரீராமபுரத்திலோ சிவாஜிநகரிலோ உள்ள அடகுக்கடைக்குப் போகிறார் ஒரு குமாஸ்தா. கடைக்காரர் முதல் மாத வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதியை எண்ணி வைக்கிறார். படி இறங்கும்போது குமாஸ்தாவின் வாயில் ஒரு சொல் வருகிறது: "சரியான ஷைலக்!"

400 ஆண்டுகளுக்கு முன்பு லண்டன் நாடக மேடையில் பிறந்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடமாகப் படித்த ஷேக்ஸ்பியரின் "வெனிஸ் வர்த்தகன்" கதையில் பாதி மறந்து போயிருக்கலாம். ஆனால் கடனுக்கு ஈடாக ஒரு ராத்தல் சதை கேட்ட அந்த யூதனை யாரும் மறப்பதில்லை.

அந்த ஷைலக்குக்கு ஒரு மகள் இருந்தாள். அவள் பெயர் என்ன என்று கேட்டால் பலரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஜெசிகா என்பது அவள் பெயர். அப்பன் வீட்டைவிட்டு வெளியேறி, வேறு மதத்து வாலிபனை மணந்து, தானும் மதம் மாறியவள். அவளைத் துணிச்சல்காரி என்று அன்றைய ரசிகர்கள் கைதட்டி வரவேற்றிருப்பார்கள். ஆனால் கதையைக் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தால், அந்தத் துணிச்சலுக்கு அவள் கொடுத்த விலை தெரியவரும்.

கதவைப் பூட்டு, ஜன்னலைச் சாத்து

வெனிஸ் நகரத்து வியாபாரி அந்தோனியோ. தன் நண்பன் பசானியோவுக்காக ஷைலக்கிடம் 3 ஆயிரம் பொன் கடன் வாங்குகிறான். தவணை 3 மாதம். திருப்பித் தராவிட்டால் உடம்பிலிருந்து ஒரு ராத்தல் சதை. பத்திரம் எழுதியாயிற்று.

கடன் கேட்க வந்த அந்தோனியோ யோக்கியன்தானா? யூதன் என்பதற்காக ஷைலக்கின் மேல் காறித் துப்பியவன். நாய் என்று ஏசியவன். கடன் கேட்கும் நேரத்திலும், இனியும் அப்படித்தான் செய்வேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவன். இந்தப் பகுதி பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

அன்று இரவு நகரத்தில் வேடிக்கை, ஆட்டம், வாத்திய முழக்கம். விருந்துக்குப் புறப்படும் ஷைலக், மகளைக் கூப்பிட்டுக் கதவைப் பூட்டச் சொல்கிறான். தெருக் கூத்தைப் பார்க்க ஜன்னலில் தலைநீட்டக் கூடாது என்று கண்டிக்கிறான். அவன் தலை மறைந்ததும் ஜெசிகா ஆண்பிள்ளை உடையில் வெளியே வருகிறாள். கீழே நிற்கும் கிறிஸ்தவ வாலிபன் லொரன்சோவிடம் நகைப் பெட்டியைப் போடுகிறாள். இன்னும் கொஞ்சம் பொன்னையும் அள்ளிக்கொண்டு அவனோடு போய்விடுகிறாள்.

பெண்ணைப் பூட்டி வைக்கும் அப்பன், பூட்டைத் திறந்துகொண்டு போகும் பெண். தமிழ் சினிமாவில் எத்தனையோ முறை பார்த்த கதைதான். ஆனால் இங்கே பூட்டு ஒன்றல்ல, இரண்டு. ஒன்றைப் போட்டவன் அப்பன். இன்னொன்றைப் போட்டது ஊர்.

இரவில் பூட்டப்பட்ட தெரு

1516-ம் ஆண்டு வெனிஸ் அரசாங்கம் யூதர்களுக்கு என்று தனிக் குடியிருப்பு ஒன்றை ஒதுக்கியது. முன்பு உலோகம் வார்க்கும் பட்டறை இருந்த இடம் அது. சுற்றிலும் கால்வாய். பொழுது சாய்ந்தால் வாசல்களைப் பூட்டிவிடுவார்கள். காவலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டியவர்கள், உள்ளே பூட்டப்பட்ட யூதர்களே. வெளியே நடமாடும்போது அவர்கள் இன்னார் என்று தெரிவதற்கு அடையாளத் தொப்பி அணிய வேண்டும். பல தொழில்கள் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. வட்டிக்குக் கொடுப்பது, பழைய துணி வியாபாரம், வைத்தியம் என்று சிலதான் மிச்சம். வட்டித் தொழிலைத் தவிர வேறு வழியில்லாமல் செய்துவிட்டு, வட்டிக்காரன் என்று ஏசினார்கள். அந்த வாசல்கள் ஒழிந்தது 1797-ல், நெப்போலியன் படை வந்த பிறகு.

ஷேக்ஸ்பியரின் இங்கிலாந்தில் இதுகூட இல்லை. 1290-ம் ஆண்டிலேயே முதலாம் எட்வர்டு மன்னர் யூதர்களை நாட்டைவிட்டே வெளியேற்றிவிட்டார். அவர்கள் மீண்டும் குடியேற வழி பிறந்தது 1656-ல்தான். ஆக, ஷைலக்கைப் பார்த்துச் சிரித்த லண்டன் ரசிகர்களில் பெரும்பாலோர், யூதர் என்று வெளிப்படையாக வாழ்ந்த ஒருவரையும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காத மனிதர்கள் மேல் வெறுப்பு மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

1594-ல் அந்த வெறுப்புக்குத் தீனி கிடைத்தது. எலிசபெத் ராணியின் வைத்தியர் ரொட்ரிகோ லோபஸ் போர்ச்சுக்கல் நாட்டு யூத வம்சத்தவர். கிறிஸ்தவராக வாழ்ந்தவர். ராணிக்கு விஷம் வைக்கச் சதி செய்தார் என்று குற்றம் சாட்டி அவரைத் தூக்கிலிட்டார்கள். மதம் மாறி வாழ்ந்ததும் அவரைக் காப்பாற்றவில்லை. அதே ஆண்டில் மார்லோ எழுதிய "மால்டா நகர யூதன்" நாடகத்துக்கு லண்டனில் கூட்டம் அலைமோதியது. அடுத்த சில ஆண்டுகளில் "வெனிஸ் வர்த்தகன்" வந்தது.

கஞ்சியில் விஷம்

மார்லோவின் நாடகத்திலும் ஒரு மகள் உண்டு. பெயர் அபிகேல். அவளுடைய அப்பன் பராபாஸ் பெரும் பணக்காரன். துருக்கியருக்கு மால்டா தீவு கட்ட வேண்டிய கப்பம் 10 ஆண்டு பாக்கி. கவர்னர் யூதர்களை மட்டும் கூப்பிட்டு அவர்கள் சொத்தில் பாதியைக் கேட்கிறார். எதிர்த்துப் பேசிய பராபாஸ் எல்லாவற்றையும் இழக்கிறான். அவன் வீடு கன்னிகாஸ்திரீ மடமாகிறது.

அப்பன் வீட்டில் புதைத்து வைத்த பொன்னை மீட்பதற்காக, துறவியாவதாக நடித்து அந்த மடத்துக்குள் நுழைகிறாள் அபிகேல். அப்பனுக்காகப் பொய் சொன்ன பெண். அவளுக்கு அப்பன் செய்த கைம்மாறு என்ன? அவள் காதலித்த மாத்தியாசையும், கவர்னர் மகனையும் தந்திரமாக மோதவிட்டு இருவரையும் சாகவைக்கிறான். மனம் உடைந்த அபிகேல் இந்த முறை நிஜமாகவே கன்னிகாஸ்திரீ ஆகிறாள். ஆத்திரம் கொண்ட பராபாஸ், மடத்துக்கு அரிசிக் கஞ்சி அனுப்புகிறான். அதில் விஷம். எல்லோரும் மடிகிறார்கள். அபிகேலும்தான். சாகும் தறுவாயில் அவள் பாதிரியாரிடம், என் அப்பாவையும் நல்வழிப்படுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறாள்.

அபிகேல், ஜெசிகா இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அப்பனை எதிர்க்கும் பெண்ணை அன்றைய மேடை பொதுவாக லேசில் மன்னிப்பதில்லை. ஆனால் யூதன் மகள் அப்பனை எதிர்த்தால் அது புண்ணியம் ஆகிவிடுகிறது. மதச் சுவரைத் தாண்ட அவளுக்கு அனுமதி உண்டு. ஆனால் ஒரே திசையில்தான். சிறுபான்மைப் பெண் பெரும்பான்மைப் பக்கம் வரலாம். லொரன்சோ யூதனாக மாறி ஷைலக் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகும் நாடகத்தை அங்கே யாரும் எழுதவில்லை.

போர்ஷியாவும் பரதேசியும்

இந்த நாடகத்தின் புகழ்பெற்ற பெண் போர்ஷியா. வக்கீல் வேடத்தில் நீதிமன்றத்துக்கு வந்து, "சதையை எடுத்துக்கொள், ஆனால் ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது" என்ற வாதத்தால் அந்தோனியோவைக் காப்பாற்றுகிறாள். பெண்ணின் அறிவுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று வாத்தியார்கள் சொல்வார்கள். உண்மைதான்.

தமிழர்களுக்கு நீதி கேட்ட பெண் என்றதும் கண்ணகி நினைவு வரும். கண்ணகி தலைவிரி கோலமாக, பெண்ணாகவே பாண்டியன் சபைக்குப் போனாள். போர்ஷியா வாய் திறக்க ஆண் வேடம் தேவைப்பட்டது. நிஜ வாழ்க்கையில் இங்கிலாந்தில் முதல் பெண் பாரிஸ்டர் வந்தது 1922-ல். இந்தியாவில் பெண்கள் வக்கீல் தொழில் செய்ய வழிசெய்த சட்டம் 1923-ல் வந்தது. மேடைக்கும் நிஜத்துக்கும் இடையே 300 ஆண்டுகளுக்கு மேல்.

ஆனால் போர்ஷியாவின் வாதத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. ரத்தத்தோடு வழக்கு முடியவில்லை. வெளியேற முயலும் ஷைலக்கை நிறுத்தி வேறொரு சட்டத்தை எடுத்துப் போடுகிறாள். வெனிஸ் குடிமகன் ஒருவனின் உயிருக்கு ஓர் அயலான் உலை வைக்க முயன்றால், அவன் சொத்தில் பாதி அந்தக் குடிமகனுக்கு, பாதி அரசாங்கத்துக்கு, உயிர் மன்னர் கையில் என்பது அந்தச் சட்டம். அந்த ஊரிலேயே தொழில் செய்து, வீடு கட்டி, பெண்ணைப் பெற்று வளர்த்த ஷைலக், ஒரு நொடியில் அயலான் ஆகிவிடுகிறான். பிழைப்புக்காக வேற்றூர் வந்து, ரேஷன் கார்டுக்கும் வீட்டு வாடகைக்கும் அலைந்தவர்களுக்கு இந்த இடம் புரியும்.

மன்னர் உயிரை விடுகிறார். அந்தோனியோவும் தன் பங்குக்குக் கருணை காட்டுகிறான். என்ன கருணை? ஷைலக் உடனே கிறிஸ்தவனாக மாற வேண்டும். சாகும்போது சொத்தை மகளுக்கும் மருமகனுக்கும் எழுதி வைக்க வேண்டும். கட்டாய மதமாற்றத்தையே கருணை என்று மேடை சொன்னது. கருணையைப் பற்றி அழகாகப் பேசிய போர்ஷியா இதைத் தடுக்கவில்லை. தன்னை மணக்க வந்த மொராக்கோ இளவரசனின் கறுப்பு நிறத்தைப் பழித்தவள்தானே அவள்! துணிச்சல் வேறு, பேதம் பாராத மனம் வேறு. முதலாவது உள்ள இடத்தில் இரண்டாவதும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இதே காலத்தில் நம் பக்கத்தில் என்ன நடந்தது? கொச்சி மட்டாஞ்சேரியில் ராஜாவின் அரண்மனையை ஒட்டி, யூதர்களின் ஜெபக்கூடம் 1568-ம் ஆண்டில் எழுந்தது. "வெனிஸ் வர்த்தகன்" எழுதப்படுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன். அதன் பெயர் பரதேசி ஜெபக்கூடம். பரதேசி என்றால் வேறு தேசத்திலிருந்து வந்தவன். தமிழில் அது வசையாகிவிட்டது. அங்கே அது வெறும் பெயர். அயலானுக்கு அரண்மனைச் சுவருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்த ஊரும் உலகத்தில் இருந்தது.

ஸ்திரீபார்ட் தந்த போர்ஷியா

ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் மேடையில் பெண்கள் நடிக்கவில்லை. 1660-க்குப் பிறகே நடிகைகள் வந்தார்கள். ஜெசிகாவும் போர்ஷியாவும் மீசை முளைக்காத பையன்கள். பையன் பெண்ணாக வேடம் கட்டி, அந்தப் பெண் மறுபடி ஆணாக வேடம் கட்டுவாள். பாய்ஸ் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் கதைகளைக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

தமிழில் இந்தக் கதை மேடை ஏறியதற்குக் கன்னட நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1891-ல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. படித்தவர்கள் கூடி நாடகம் போடுவதைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டில் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பலவற்றைத் தமிழ்ப் பெயர்களோடு எழுதினார். "வெனிஸ் வர்த்தகன்" அவர் கையில் "வாணீபுர வணிகன்" ஆயிற்று. முதலியார் வக்கீலாக இருந்தவர். பின்னாளில் சென்னை சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். கடன் பத்திர வழக்குகளை மேடையிலும் பார்த்தவர், கோர்ட்டிலும் பார்த்தவர்.

மைசூரில் அரண்மனைக் கவிஞர் பசவப்ப சாஸ்திரி, "ஒதெல்லோ"வைக் கன்னடத்தில் "சூரசேன சரித்திரம்" ஆக்கினார். அப்பனை மீறி வேற்று நிறத்தவனை மணந்த டெஸ்டிமோனாவின் கதை அது. 1940-ல் செருகளத்தூர் சாமா நடித்த "ஷைலக்" தமிழ்ப் படமாகவே வந்துவிட்டது. அடகுக்கடை வாசல்வரை அந்தப் பெயர் வந்து சேர்ந்த பாதை இதுதான்.

பெயர் பரவியதில் ஆபத்தும் இருந்தது. 1943-ல் நாஜிகள் ஆண்ட வியன்னாவில் இதே நாடகத்தை நடத்தினார்கள். வெர்னர் கிராஸ் என்ற பெரிய நடிகர் ஷைலக்கை அருவருப்பான பிராணிபோல் நடித்துக் காட்டினார். யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த நேரம் அது. நாடகத்தில் ஷைலக்குக்கும் மனிதனாகப் பேச இடம் தந்திருந்தார் ஷேக்ஸ்பியர். மற்றவர்களைப் போலவே தன் இனத்தாருக்கும் உடம்பும் உணர்ச்சியும் உண்டு என்று அவன் கேட்கும் இடம் புகழ்பெற்றது. ஆனால் வெறுக்க விரும்புகிறவன் அந்த இடத்தைக் காதில் வாங்குவதில்லை.

ஒரு பெண் எழுதியபோது

இதுவரை சொன்ன பெண்கள் எல்லாம் ஆண்கள் எழுதிய பெண்கள். ஒரு பெண்ணே பேனா பிடித்தால்?

எலிசபெத் கேரி 1585-ல் பிறந்தவர். அப்பா நீதிபதி. சூனியக்காரி என்று ஒரு கிழவியை அவர் முன்னால் நிறுத்தினார்கள். கிழவி நடுங்கிக்கொண்டே எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டாள். அருகில் இருந்த 10 வயது எலிசபெத், அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அப்பா கிழவியைக் கேட்டார்: "இன்னாரைச் சூனியம் வைத்துக் கொன்றது நீதானா?" கிழவி ஆமாம் என்றாள். அந்த இன்னார், எலிசபெத்தின் மாமா. அதே அறையில் உயிரோடு நின்றுகொண்டிருந்தார்! பயத்தில் எதையும் ஒப்புக்கொள்கிறாள் என்பது விளங்கியது. கிழவி தப்பித்தாள். பிற்காலத்தில் எலிசபெத்தின் மகள் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் உள்ள சம்பவம் இது. போர்ஷியாவின் வழக்கு கற்பனை. இது நடந்தது.

அந்தச் சிறுமி வளர்ந்து எழுதிய நாடகம் "மரியத்தின் சோகம்". 1613-ல் அச்சாயிற்று. இங்கிலீஷில் ஒரு பெண் சொந்தமாக எழுதி அச்சேறிய முதல் நாடகம் இதுவே. கதாநாயகி யூத ராணி மரியம். அவள் புருஷன் பைபிளில் வரும் ஏரோது மன்னன். அவன் ரோமாபுரியில் இறந்துவிட்டான் என்று செய்தி வருகிறது. மரியத்துக்கு அழுகையும் வருகிறது, நிம்மதியும் வருகிறது. அவன் உயிரோடு திரும்பி வந்ததும், சந்தோஷப்படுவதுபோல் நடிக்க அவளால் முடியவில்லை. முகத்தைச் சிரித்தபடி வைத்திருந்தால் உயிர் பிழைத்திருப்பாள். நடிக்க மாட்டேன் என்றாள். தலை போயிற்று.

அதே நாடகத்தில் மன்னனின் தங்கை சலோமி பொல்லாதவள். ஆனால் அவள் கேட்கும் கேள்வி நியாயமானது. ஆண் பெண்டாட்டியைத் தள்ளி வைக்கலாம் என்றால், பெண் புருஷனைத் தள்ளி வைக்கக் கூடாதா? 1613-ல் கேட்ட கேள்வி!

இந்த நாடகத்தில் யூதப் பெண் யாரையும் மதம் மாற்றவில்லை, மாறவும் இல்லை. யூதப் பெண்ணாகவே எதிர்க்கிறாள், யூதப் பெண்ணாகவே சாகிறாள்.

எழுதிய எலிசபெத்துக்கு நிஜ வாழ்க்கையில் சோதனை காத்திருந்தது. 1626-ல், 11 குழந்தைகளைப் பெற்ற தாய், அரசாங்கம் வெறுத்த கத்தோலிக்க மதத்தில் தான் சேர்ந்துவிட்டது ஊரறியும்படி ஆயிற்று. பெரும் பதவியில் இருந்த கணவர் செலவுக்குப் பணம் தருவதை நிறுத்தினார். குழந்தைகளைப் பிரித்தார்கள். எலிசபெத் பின்வாங்கவில்லை. ஜெசிகா மாறியது பலத்தின் பக்கம். எலிசபெத் மாறியது, மாறினால் கஷ்டம் என்று தெரிந்த பக்கம்.

சங்கீதம் இனிக்கவில்லை

மறுபடி ஜெசிகாவிடம் வருவோம். மதம் மாறினாள், மணந்தாள். பிறகு சுகமாக இருந்தாளா?

கணவனோடு போர்ஷியாவின் மாளிகைக்கு வருகிறாள். அவர்களைப் பார்த்ததும் கணவனின் நண்பனே, லொரன்சோவும் அவனுடைய அவிசுவாசியும் வருகிறார்கள் என்று கேலி பேசுகிறான். மதம் மாறிய பிறகும் இந்தப் பட்டம். வேலைக்காரன் வேறு, யூதர்கள் எல்லாம் இப்படி மாறிக்கொண்டே போனால் பன்றிக்கறி விலை ஏறிவிடும் என்று அவள் முகத்துக்கு நேரே கிண்டல் செய்கிறான். சுவரைத் தாண்டி வந்தவளைச் சுவருக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்பன் வீட்டிலிருந்து எடுத்து வந்தவற்றில் ஒரு நீலக்கல் மோதிரம் இருந்தது. ஷைலக் கல்யாணம் ஆகாத வாலிபனாக இருந்தபோது லேயா தந்த மோதிரம். அதைக் கொடுத்து ஒரு குரங்கை வாங்கினாளாம் ஜெசிகா. சேதி கேட்டு ஷைலக் துடிக்கிறான். அந்த இடத்தில் அவன் பணத்துக்காக அழவில்லை. இளமைக் காலத்து மோதிரத்துக்காக அழுகிறான். மகளுக்கு அதன் மதிப்பு தெரியவில்லை. அப்பனும் மகளும் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தும், மனம்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டியதில்லை.

கடைசிக் காட்சி. நிலா வெளிச்சம். கணவன் வாத்தியக்காரர்களை வாசிக்கச் சொல்கிறான். இனிய சங்கீதம் கேட்டால் தன் மனம் குதூகலிப்பதில்லை என்கிறாள் ஜெசிகா. அதுதான் அவள் பேசும் கடைசி வார்த்தை. பிறகு எல்லோரும் வருகிறார்கள், சிரிக்கிறார்கள், அப்பன் எழுதிக் கொடுத்த சொத்துப் பத்திரம்கூட வருகிறது. கணவன் மகிழ்ந்து நன்றி சொல்கிறான். ஜெசிகா வாய் திறக்கவே இல்லை. திரை விழுகிறது.

முப்பது நாள் நோட்டீஸ்

ஜெசிகாவுக்கு இருந்தவை இரண்டே வழி. அப்பன் பூட்டிய வீடு, அல்லது தன் அடையாளத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு நுழைய வேண்டிய வீடு. அவரவர் அவரவராகவே இருந்து சேர்ந்து வாழும் மூன்றாவது வழி அன்று இல்லை.

இந்தியாவிலும் வெகுகாலம் அப்படித்தான். 1872-ல் வந்த பழைய திருமணச் சட்டப்படி, மதம் கடந்து மணப்பவர்கள், தாங்கள் இந்துவும் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல, முஸ்லிமும் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் வந்த பிறகே, மதத்தைக் கைவிடாமல் வேறு மதத்தவரை மணக்க எல்லோருக்கும் வழி பிறந்தது. மணப்பெண்ணுக்கு 18 வயது, மணமகனுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நோட்டீசை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டுவார்கள்.

அந்த 30 நாள் சிலருக்கு 30 வருஷம். உறவினர் பார்த்துவிடுவாரோ, ஊருக்குச் சேதி போய்விடுமோ என்ற பயம். சட்டம் கதவைத் திறந்திருக்கிறது. சுற்றத்தார் மனம் திறக்க இன்னும் நாள் ஆகும் போலிருக்கிறது.

பல மொழி, பல மதம் கலந்து வாழும் ஊர் பெங்களூரு. ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறார்கள். ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்புவது ஆச்சரியமல்ல. அப்படி ஒரு சேதி வீட்டுக்கு வரும்போது, கதவைப் பூட்டுகிற அப்பா ஷைலக்கை நினைத்துக்கொள்ளலாம். மருமகளை வரவேற்று, கூடவே பெயரையும் பொட்டையும் பிரார்த்தனையையும் மாற்றிக்கொள்ளச் சொல்லும் மாமியார், நிலா வெளிச்சத்தில் வாய் மூடி உட்கார்ந்திருந்த ஜெசிகாவை நினைத்துக்கொள்ளலாம்.

பெண் துணிந்து கதவைத் திறப்பது பாதிக் கதைதான். அவள் நுழையும் வீட்டில், அவளாகவே இருக்க விடுகிறார்களா என்பதில் மீதிக் கதை இருக்கிறது.